77-க்குப் பதில் 73

2022 ஆகஸ்ட் கடைசி வாரம். டாலஸ் பக்கம் வெயில் இன்னும் இறங்கவில்லை. அலுவலக கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அண்ணன் ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"டைரன் ஸ்மித்துக்கு முழங்கால்ல அடி தம்பி. தசைநார் எலும்போட பிச்சுக்கிட்டு வந்துடுச்சாம்."

வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சொல்கிற குரல். டைரன், டாலஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ஆட்டக்காரர். மூன்று வாரம் கழித்து அண்ணனே முதுகு ஆபரேஷனுக்குப் படுத்தார். அவர் பார்த்துவந்த வேலை என் கைக்கு வந்தது.

அண்ணன் மதுரைக்காரர். கிடங்குகளும் லாரிகளுமாக இருக்கும் ஒரு கம்பெனியின் டேட்டாபேஸைப் பதினெட்டு வருடமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், ஆனாலும் சார் என்று கூப்பிட விடமாட்டார். அமெரிக்கன் ஃபுட்பாலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். முதல் தடவை அவர் வீட்டில் உட்கார்ந்து கௌபாய்ஸ் ஆட்டம் பார்த்தபோது நான் பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். "பந்தை விடு தம்பி. பந்துக்கு முன்னாடி குனிஞ்சு நிக்கிறாங்க பாரு அஞ்சு பேரு, அவங்களப் பாரு. ஆட்டம் அங்கதான் நடக்குது" என்றார்.

அந்த ஐந்து பேர்தான் அஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, கடைசி முனைகளில் டேக்கிள். பந்தை எறிபவர் குவாட்டர்பேக். வலது கையால் எறிகிற குவாட்டர்பேக்குக்கு இடது பின்பக்கம் கண்ணில் படாது. அந்தப் பக்கம் பாய்ந்து வருபவனை மூன்று விநாடி நிறுத்தி வைப்பது இடது டேக்கிளின் வேலை. டைரன் ஸ்மித் அந்த இடத்தில் 2012 முதல் நின்றவர். சட்டை எண் 77. கைகள் அபார நீளம், அவசரமே கிடையாது. ஆனால் கழுத்து, முதுகு, இடுப்பு, கணுக்கால் என்று உடம்பு படுத்திக்கொண்டே இருந்தது. 2015-க்குப் பிறகு ஒரு சீசனைக்கூட அவரால் முழுதாக ஆட முடியவில்லை. 2020-இல் இரண்டே ஆட்டம், அதோடு கழுத்து ஆபரேஷன்.

அவர் இடத்துக்கு வந்தது டைலர் ஸ்மித். பெயர் பாதி ஒன்றாக இருந்தாலும் உறவில்லை. 21 வயது, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அந்த ஏப்ரலில்தான் முதல் சுற்றில் 24-ஆவது ஆளாக எடுத்திருந்தார்கள். சட்டை எண் 73. டாலஸுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் வளர்ந்தவர். டைரன் 2011-இல் ரூக்கியாக, அதாவது முதல் வருட ஆட்டக்காரராகக் களமிறங்கியபோது இவர் அங்கே பத்து வயதுப் பையன். பயிற்சி முகாமில் இவரை இடது கார்டாகத்தான் தயார் செய்துகொண்டிருந்தார்கள். டைரன் விழுந்த நாளிலிருந்து முதல் ஆட்டத்துக்கு 18 நாள்தான் இருந்தது. கார்டுக்கும் டேக்கிளுக்கும் ஓரடி ஈரடிதான் தள்ளி என்று டிவியில் பார்க்கும்போது தோன்றும். கார்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. டேக்கிளுக்கு வெளிப்பக்கம் வெட்டவெளி.

செப்டம்பர் 11, தாம்பா பே அணியுடன் முதல் ஆட்டம். எதிரணியின் குவாட்டர்பேக் பேர்போன டாம் பிரேடி. 19-3 என்று டாலஸ் தோற்றது, குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் கட்டைவிரலை முறித்துக்கொண்டார். மறுநாள் கேன்டீனில் அந்தக் கட்டைவிரலைப் பற்றித்தான் பேச்சு. இடது டேக்கிளைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. "கவனிச்சியா? பையனப் பத்தி யாரும் பேசல. நல்லா ஆடியிருக்கான்னு அர்த்தம்" என்றார் அண்ணன். அந்த வாரம் வியாழக்கிழமை அவருக்கு ஆபரேஷன்.

எங்கள் வேலையும் அப்படித்தான். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பேட்ச் ஜாப் ஓடும். அன்றைய ஆர்டர்களையெல்லாம் கூட்டிக் கழித்து, எந்த லாரியில் எந்தச் சரக்கு என்று பட்டியல் போட்டு, காலை ஐந்து மணிக்குள் எல்லாக் கிடங்குக்கும் அனுப்பிவிடும். அது ஒழுங்காக நடக்கிறவரை அப்படி ஒன்று நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. லைன்மேன் எத்தனை பேரைத் தடுத்தார் என்று ஸ்கோர் பட்டியலில் வராது. ஆனால் எதிராளியின் சட்டையைப் பிடித்துத் தப்பு செய்துவிட்டால் நடுவர் மைக்கைப் பிடித்து, 'ஹோல்டிங், நம்பர் 73' என்று அரங்கம் முழுக்கக் கேட்கச் சொல்வார். என் எண்ணை முதன்முதலில் கூப்பிட்டது செப்டம்பர் 30 ராத்திரி.

மாதக் கடைசி என்பதால் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேலை. அண்ணன் எழுதி வைத்திருந்த நாற்பது பக்க ஆவணத்தை அதற்குள் மூன்று தடவை படித்திருந்தேன். சமையலறை மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன காபி. ஒரு மணிக்கு ஜாப் தொடங்கியது. மற்ற நாட்களில் முக்கால் மணி நேரத்தில் முடியும். அன்று ஒன்றே முக்கால் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, திரையில் அசைவே இல்லை. நடப்பதையெல்லாம் பதிகிற லாக் கோப்பு மட்டும் ஊதிக்கொண்டே போனது. டிஸ்கில் காலி இடம் 30 சதவீதம், பிறகு 22, பிறகு 15. அது நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் மொத்தமும் நின்றுவிடும் என்பது ஒன்றுதான் அப்போது மண்டையில் இருந்தது. 2:15-க்கு ஜாபை கில் செய்தேன்.

செய்த வேலையைப் பாதியில் நிறுத்தினால், அதுவரை மாற்றியதையெல்லாம் டேட்டாபேஸ் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திருப்பும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது. திருப்பி முடிக்கவே காலை ஆறு தாண்டிவிட்டது. மறுபடி ஓட்டிப் பட்டியல் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. மூன்று மணி நேரம் லாரிகள் கிடங்கு வாசலில் நின்றன. திங்கட்கிழமை வந்த அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் என் பெயர்.

டைலர் ஸ்மித்தை எடுத்தபோது பலரும் முணுமுணுத்ததற்குக் காரணம் ஹோல்டிங். டல்சா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், தப்புக்காக நடுவர் வீசும் மஞ்சள் கொடிகள் அவர்மேல் ஏராளமாக விழுந்தன. ஹோல்டிங் எப்படி வருகிறது என்பதை அண்ணன் ஒரு தடவை மெதுவாக ஓடவிட்டுக் காட்டியிருந்தார். டேக்கிள் இடது காலைப் பின்னால் எட்டி வைத்துச் சறுக்கிக்கொண்டே போவார், அதற்குக் கிக் ஸ்லைடு என்று பெயர். எதிராளி தன்னைத் தாண்டப்போகிறான் என்று தோன்றும் அந்த நொடியில் நெஞ்சில் இருக்க வேண்டிய கை தோளுக்கு வெளியே நழுவி, சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிடும். பத்து கெஜம் தண்டனை. பல நேரம், பிடிக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கால் சரியான இடத்தில்தான் இருக்கும். கை நம்பாது. 2:15-க்கு என் கை செய்ததும் அதுதான் என்று புரிய எனக்குச் சில நாள் பிடித்தது.

ஓய்வில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஆனால் யார் சொன்னார்களோ, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணனே கூப்பிட்டார். மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுகிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"எத்தனை மணிக்கு கில் பண்ணின?"

"ரெண்டேகாலுக்கு அண்ணே."

"டிஸ்க் எவ்வளவு இருந்துச்சு?"

"பதினஞ்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒம்பது வரைக்கும் இறங்கும். அப்புறம் நிக்கும். ரெண்டு முப்பத்தஞ்சு, நாப்பதுக்கு முடிஞ்சுரும். எனக்குத் தெரியும், உனக்கு எப்படித் தெரியும்? தெரியாதவன் நிறுத்தத்தான் செய்வான். எழுதி வைக்காதது என் தப்பு தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைக் கேட்டதும் ஃபோனை வைத்துவிட்டு வண்டிக்குள் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அவருக்குப் பதினெட்டு வருடப் பழக்கத்தில் தெரிகிறது. திரை அசையாமல் நின்றாலும் உள்ளே வேலை நடக்கிறது என்று அவரால் உட்கார்ந்திருக்க முடியும். எனக்கு அந்தப் பொறுமை வர இன்னும் பதினெட்டு வருடம் ஆகலாம். அதுவரை ஜாப் காத்திருக்காது. அக்டோபரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஜாப் எத்தனை வரிசைகளை முடித்திருக்கிறது, டிஸ்க் எந்த வேகத்தில் குறைகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டேபிளில் குறித்து வைக்கும், அவ்வளவுதான். அக்டோபர் 31 ராத்திரி அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது சதவீதத்துக்கு வந்து நின்றது. 2:41-க்கு முடிந்தது.

டைலரும் டைரன் மாதிரி ஆடிவிடவில்லை. டைரன் காத்திருந்து அளந்து கை வைப்பவர். இவர் பலத்தை நம்பி முட்டித் தள்ளுகிறவர். கொடிகளும் விழத்தான் செய்தன. ஆனால் அந்த சீசனின் 17 ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களமிறங்கினார். உதவிக்கு இருக்கட்டும் என்று 40 வயது டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸையும் செப்டம்பரில் அணி சேர்த்துக்கொண்டது. அந்த வயதில் அந்த வேலைக்குத் திரும்பியவர் பக்கத்தில் இருந்தால் ஒரு புதியவனுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

டிசம்பரில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். டைரன் குணமாகி வந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு வலது டேக்கிள் டெரன்ஸ் ஸ்டீல் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறியிருந்தார். டிசம்பர் 18, ஜாக்சன்வில் ஆட்டம். டிவியில் 77-ஐ இடது பக்கம் தேடினேன், அங்கே 73 நின்றிருந்தார். டைரன் வலது முனையில் குனிந்து நின்றார். ரூக்கியாக இருந்த 2011-இல் அந்தப் பக்கம் ஆடியவர், அதற்குப் பிறகு பதினோரு வருடம் கழித்து. இடது டேக்கிளுக்கு எல்லாமே இடது காலில் தொடங்கும். வலது பக்கம் போனால் பின்வாங்கும் கால் மாறும், முதலில் நீளும் கை மாறும், எடை விழும் இடுப்பு மாறும். எழுதுகிற கையை மாற்றி எழுதச் சொல்வது போல. அதுவும் அறுத்துத் தைத்த காலோடு, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு எட்டு தடவை போன ஒரு ஆளை. கூடுதல் நேரத்தில் 40-34 என்று டாலஸ் அன்று தோற்றது. நான் அந்த ஆட்டம் முழுக்க வலது மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி நடுவில் அண்ணன் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அலுவலகம் வந்தார். முதல் கூட்டத்திலேயே மேலாளர் கேட்டார், ராத்திரி வேலையை இனி யார் பார்ப்பது என்று. அது அண்ணனுடைய வேலை. திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு மாதத்தில் அது என்னுடையதாகிவிட்டிருந்தது, விட மனசு வரவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரே பார்க்கட்டும்" என்றார் அண்ணன். மற்றவர்கள் முன்னால் என்னை அவர் என்றுதான் சொல்வார். "நான் கிளவுட் மாத்துற வேலைக்குப் போறேன். அங்கே ஆள் குறைவா இருக்கு."

யாரும் விரும்பிப் போகாத வேலை அது. ஐம்பத்து மூன்று வயதில், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார். நிற்பதற்குக் காரணம் முதுகு, அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. ஒரு நாள் அவர் திரையைக் கடந்து போகும்போது பார்த்தேன், ஒரு கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டு, நோட்டில் பேனாவால் அதைச் சரியாக எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2023-இல் டைரன் மறுபடி இடது டேக்கிளுக்கு வந்தார், டைலர் அவருக்கு அடுத்து இடது கார்டில் ஆடி ப்ரோ பௌலுக்குப் போனார். அந்த ஒரு வருடம் 77-ம் 73-ம் தோளோடு தோள் நின்றார்கள். அடுத்த வருடம் டைரன் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய், பிறகு ஓய்வு பெற்றார். எங்கள் இடத்தில் மாற்றமில்லை, ராத்திரி என்னிடமே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்காததைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதக் கடைசியில் ஜாப் 2:37-க்கு முடிந்தது. காலையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று 'முடிஞ்சது அண்ணே' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடப் போனேன். உடனே இரண்டு நீல டிக் விழுந்தது.

'சரி. தூங்கு.'