அண்டித் தோட்டு எண்ணெயில் ஒரு பலகை

குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணெயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முந்திரித் தோட்டின் இரண்டு ஓட்டுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளில் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும், பட்ட இடம் பொத்துப் போகும். நாங்கள் தேங்காய் நாரோடு (தும்பு) சேர்த்து அழுத்திப் பலகை செய்யும் பிசின் இதிலிருந்துதான்.

சூடாக்காத பச்சை எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு கழன்று கார்டனால் ஆகிவிடும். அதுவும் ஒரு ஃபீனால் வகைதான், ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் பழைய சுவிட்சுகளில் இருக்கும் பேக்கலைட் பிளாஸ்டிக் போல இறுகும், ஆனால் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால் இருப்பதால் அவ்வளவு சட்டென்று உடையாது. பிரேக் லைனிங்கில் பல காலமாக இதைப் போடுகிறார்கள்.

நாருக்கு, தும்பு மில்லில் கயிறு திரிக்க உதவாது என்று ஒதுக்கும் குட்டைத் தும்பே போதும். அதை அப்படியே போட்டால் பிசின் பிடிக்காது, மேலே மெழுகு இருக்கிறது. 5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டால் தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வரும், தும்பு சொரசொரப்பாகும். அப்புறம் நன்றாகக் கழுவி ஓவனில் உலர்த்த வேண்டும், நம்மூர்க் காற்றில் வெயிலை மட்டும் நம்ப முடியாது. பிசின் இறுகும்போதே தண்ணீர் ஆவியாக வரும், தும்பின் ஈரமும் சேர்ந்தால் பலகைக்குள் கொப்புளம் நின்றுவிடும், அதனால் நடுநடுவே பலகையை அழுத்தும் பிரஸ்ஸைச் சற்றுத் திறந்து ஆவியை விட்டு மூடுவோம். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் கொஞ்சம் கலந்தால் விறைப்பு கூடும், பிசின் செலவும் குறையும். அளவு மிஞ்சினால் நொறுங்கும்.

எனக்கு எரிச்சல் தருவது ஒன்றுதான்: மரத்திலிருந்து வந்த பிசின், அதனால் மண்ணில் மட்கிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்வது. மட்காது. ஒருமுறை இறுகிவிட்டால் உருக்கவும் முடியாது. கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் காரின் வெளி உடம்பைப் பஞ்சுக் கழிவும் ஃபீனால் பிசினும் வைத்துத்தான் செய்தார்கள். துருப்பிடிக்கவில்லை, சரி, ஆனால் ஓடி முடிந்த காரின் உடம்பை என்ன செய்வதென்று பிறகு திண்டாட்டம். நம் பலகையும் அதே சாதி.

அதனால் நெடுநாள் நிற்க வேண்டிய சாமானுக்குத்தான் இது சரி. குளச்சல் உப்புக்காற்றில் தகரக் கதவு உதிர்கிற வீட்டுக்கு ஒரு குளியலறைக் கதவு செய்யலாம் (அறுத்த ஓரத்தைப் பிசின் பூசி மூடிவிடுங்கள், இல்லையென்றால் தும்பு தண்ணீர் குடித்து ஊதும்). சாப்பாட்டுத் தட்டு செய்து தருவீர்களா என்று கேட்பவர்களுக்கு: ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பொருளில் சோறு வேண்டாம், அதற்குத்தான் பாக்குமட்டை இருக்கிறதே.