தைமஸ் சுரப்பியும் ஜாக் மில்லரும்

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் சுரப்பி, சிறுவயதில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். வளர்ந்த விலங்கிலிருந்து அதை வெட்டியெடுத்தாலும் பெரிய கேடு எதுவும் நேராததால், 1950களின் இறுதிவரை அதை ஒரு வேண்டாத உறுப்பாகவே பலரும் கருதினர். அது எதற்காக இருக்கிறது என்பதைக் கண்டறிந்தவர் ஜாக் மில்லர்.

1931-இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து, சிறுவயதில் சில காலம் ஷாங்காயில் வாழ்ந்த அவர், 1941-இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய அக்கா இளம் வயதிலேயே காசநோயால் இறந்துபோனார். நோயை உடல் எப்படி எதிர்க்கிறது என்ற கேள்வி அந்த இழப்பிலிருந்தே அவரைப் பற்றிக்கொண்டது.

சிட்னியில் மருத்துவம் படித்து முடித்து, 1958-இல் லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிலையத்தில் சேர்ந்த அவர் எடுத்துக்கொண்ட பொருள், வைரஸால் சுண்டெலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய். அந்த நோய் தைமஸில்தான் தொடங்கும். பிறந்த குட்டிகளுக்கு ஏற்றினால்தான் அந்த வைரஸ் நன்கு வேலை செய்யும் என்பதால், தைமஸையும் பிறந்தவுடனேயே அகற்றிப் பார்க்க நினைத்தார். ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள, மயிர்கூட முளைக்காத குட்டியின் மார்பைத் திறந்து, துடிக்கும் இதயத்துக்கு மேலே ஒட்டிக்கிடக்கும் அந்த வெண்ணிறத் துணுக்கை எடுக்க எத்தனை நிதானம் வேண்டும் என்று நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு.

பால்குடி மறந்த சில வாரங்களில் அந்தச் சுண்டெலிகள் மெலிந்து நலிந்தன. வைரஸ் ஏற்றப்படாதவையும் அப்படியே நலிந்ததுதான் அவரைத் திடுக்கிடவைத்தது. அவற்றின் ரத்தத்தில் லிம்போசைட் எனப்படும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வேறு இனச் சுண்டெலியின் தோலை ஒட்டியபோது உடல் அதைத் தள்ளிவிடவில்லை. ஒட்டிய இடத்தில் அந்நிய நிறத்தில் மயிர் செழித்து வளர்ந்தது. வளர்ந்த விலங்குகளில் முன்பு எதுவும் தெரியாமல் போனதற்குக் காரணமும் விளங்கிற்று: அதற்குள் தைமஸ் தன் அணுக்களை உடலெங்கும் அனுப்பி முடித்திருந்தது. 1961-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்.

உடனே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நோய்த்தொற்றால் நலிந்த உடல் ஒட்டுத்தோலை ஏற்றதில் வியப்பில்லை என்ற ஐயத்தைத் தீர்க்க, அமெரிக்காவில் கிருமிகளே அண்டாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் அதே சோதனையைச் செய்தார். அவை நலியவில்லை, ஆனால் அந்நியத் தோலை அப்போதும் தள்ளவில்லை. இந்தச் சோதனையை நான் முதற்கண்டுபிடிப்புக்கு இணையாகவே மதிக்கிறேன்.

1966-இல் மெல்பர்ன் திரும்பி, வால்டர் அண்ட் எலைசா ஹால் நிலையத்தில் தம் மாணவர் கிரகாம் மிட்செலுடன் சேர்ந்து இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். கிருமிகளைப் பற்றி முடக்கும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரப்பவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் அணுக்கள். தைமஸிலிருந்து வருபவை தாமே சுரக்காமல், மஜ்ஜை அணுக்களைச் சுரக்கத் தூண்டுகின்றன. லிம்போசைட் ஒரே வகை அன்று என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. முன்னவை பி அணுக்கள் என்றும் பின்னவை டி அணுக்கள் என்றும் பின்னர் பெயர்பெற்றன. எச்.ஐ.வி. அழிப்பது டி அணுக்களில் ஒரு வகையைத்தான். புற்றுநோய்க்கான நவீன நோயெதிர்ப்புச் சிகிச்சைகள் பலவும் டி அணுக்களைக் கொண்டே போரிடுகின்றன.

2019-இல், நோயெதிர்ப்பு ஆய்வாளர் மாக்ஸ் கூப்பருடன் சேர்த்து மில்லருக்கு அமெரிக்காவின் பெருமைமிக்க மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் விருது கிடைத்தது. லான்செட் கட்டுரை வெளிவந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. நோபல் பரிசோ இந்தக் கண்டுபிடிப்புக்கு வழங்கப்படவே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத குறை.