பென்சிலின் ஒவ்வாமை, அமாக்ஸிசிலின் சீட்டு

கிளினிக்குக்கு மின்னணு நோயாளர் பதிவேடு தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விற்க வருபவர்கள் வண்ண வண்ண வரைபடங்களைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் மவுஸைக் கையில் வாங்கிக்கொள்வேன். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் என்று ஒரு நோயாளியைப் பதிந்துவிட்டு, அவருக்கே அமாக்ஸிசிலின் எழுதுவேன். இரண்டும் ஒரே குடும்பம். மென்பொருள் அலற வேண்டும். ஒன்று கமுக்கமாகச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தது. அப்போதே மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். இன்னொன்று வெறும் பாரசிட்டமாலுக்கும் எச்சரித்தது. அதுவும் ஆபத்துதான்: எதற்கெடுத்தாலும் கத்தினால், நாளடைவில் படிக்காமலே 'சரி'யை அழுத்திவிடுவோம்.

பிறகு, அந்த மென்பொருளை விட்டு விலக நேர்ந்தால் எங்கள் பதிவுகள் எப்படிக் கிடைக்கும்? "எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகத் தருவோம் டாக்டர்" என்றார் ஒருவர். பிடிஎஃப் படிக்க ஆகும். ஒரு சர்க்கரை நோயாளியின் பல வருட எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுகளை வேறொரு மென்பொருள் வரைபடமாகக் காட்ட அது போதாது. மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான, எச்எல்7 அமைப்பின் ஃபயர் தரத்தில், ஆய்வக முடிவுகள் லாயின்க் குறியீட்டோடு (எந்தப் பரிசோதனை என்று எல்லா மென்பொருளுக்கும் புரியும் பொதுக் குறியீடு) வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன்.

பேக்கப், பாஸ்வேர்டு எல்லாம் வழக்கமான கேள்விகள். கடைசிச் சொல் எங்கள் வரவேற்பு மேசை அக்காவுடையது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிறந்த தேதியும் பக்கத்திலேயே தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார். தெரிந்தது ஒன்றில்தான். அதையே வாங்கினோம்.