ரேடியேட்டர் குழாய் கொதிக்கிறது, முள் ஏறவில்லை

சென்ற சித்திரை மாதத்து மாலை ஒன்றில், பல்லாவரம் சிக்னலில் நின்றிருந்த என் காரின் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மீட்டரில் வெப்பநிலை முள் பாதிக்கும் கீழேதான் இருந்தது. அதற்கு முன்பே இரண்டு மாதங்களாக மைலேஜ் குறைந்து, ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிந்து வந்தது. முள் ஏறாததால் தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கும் என்று சொல்லி மெக்கானிக் அதை மாற்றியும் பார்த்தார். முன்பக்கக் குழாயைக் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகவும், முள்ளைத் தாழ்ந்தும் கண்ட பிறகுதான், கணக்குச் சொல்லும் இடத்திலேயே பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கூலன்ட் வெப்பநிலை சென்சார் என்பது, சூடு ஏற ஏற மின்தடை குறைந்துகொண்டே போகும் ஒரு சிறு துண்டைப் பித்தளைக் கூட்டுக்குள் அடைத்து வைத்த பொருள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. தனக்குள் இருக்கும் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சாரின் முனையில் எத்தனை வோல்ட் எஞ்சுகிறது என்பதைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓடவிடுவது ஆகிய முடிவுகளில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. பல கார்களில் உள்ள வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம், 100 டிகிரியில் 190 ஓமுக்கும் சற்றுக் குறைவு.

இந்த எண்களில்தான் என் காரின் நோய் ஒளிந்திருந்தது. கனெக்டரைக் கழற்றியபோது ஒரு பின்னின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் களிம்பு 300 ஓம் தடையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில், 27 டிகிரியில், சென்சாரின் தடை 1,900 ஓமுக்கு அருகில் இருப்பதால் கணக்கு நான்கு டிகிரி மட்டுமே பிசகும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இன்ஜின் 100 டிகிரியைத் தொடும்போது அதே 300 ஓம், வெப்பநிலையை ஏறத்தாழ 67 டிகிரியாகக் காட்டிவிடும். ஈ.சி.யு. இன்ஜின் இன்னும் முழுதாகச் சூடேறவில்லை என்று நினைத்து எரிபொருளைக் கூடுதலாகத் தெளிக்கும்; ஃபேனை இயக்காது. ஏ.சி. ஓடும்போது ஃபேனும் சேர்ந்து ஓடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. அன்று மாலை நான் ஏ.சி.யை அணைத்திருந்தேன்.

ஒயர் முற்றிலும் அறுந்துபோனால் ஈ.சி.யு. மைனஸ் 40 டிகிரி என்று வாசித்து, பி0118 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்து எச்சரிக்கை விளக்கை எரிய விடும். பல கார்களில் பாதுகாப்புக்காக ஃபேனையும் நிறுத்தாமல் ஓட்டும். சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுழன்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். அரைகுறையாகக் கெட்டதுதான் ஆபத்து, ஏனெனில் அது விளக்கை எரியவிடாமலேயே போகலாம். என் காரில் அது எரியவே இல்லை. கூலன்ட் அளவு குறைந்து சென்சார் திரவத்தில் மூழ்காமல் காற்றில் தொங்கினாலும் முள் இப்படித் தாழ்ந்தே நிற்கக்கூடும். ஆகவே இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவைப் பார்ப்பதே முதல் வேலை.

நான் தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டிப் பார்த்தேன்: 88. ஈ.சி.யு.வின் கணக்கைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் 62. சென்சாரைத் தனியாக மல்டிமீட்டரில் அளந்தபோது 260 ஓம், அதாவது சரியான அளவு. குற்றமற்ற சென்சாரை மாற்றாமல், களிம்பைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்திருந்த பின்னுக்குப் புதியது போட்டோம். ஏ.சி.யை அணைத்து நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டபோது, ஸ்கேனரில் 97 வந்ததும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கியது.