மடையடியில் ஒரு குச்சி

இன்று காலை எங்கள் ஊர்க் குளத்து மடையின் அடியில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிய ஒன்றியக் கவுன்சிலர், ஒரு குச்சியை வண்டலுக்குள் ஊன்றினார். அது முழங்கை அளவுக்குப் புதைந்தது.

அதை அவர் எறிந்துவிடவில்லை. சேறு படிந்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைத்து, பொறியாளரிடம் காட்டவேண்டும் என்று தம் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

கரையில் நின்ற முதியவர் ஒருவர், "பிசானத்துக்காவது தண்ணி வருமா தாயி?" என்றார். பிசானம் எங்கள் பக்கத்து இரண்டாவது நெல் பருவம்.

"வாய்க்கா நம்ம கையில இல்ல பெரியப்பா. மடை நம்ம கையில இருக்கு, மொதல்ல இதப் பாப்போம்."

அந்தப் பதில் என்னை நெகிழச் செய்தது.

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியனிலிருந்து புறப்படும் கால்வாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்க, 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) கொண்ட எங்களுடையதைப் போன்ற சிறு குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பதால், ஒரே தண்ணீர் இரண்டு கோப்புகளில் ஓடவேண்டியிருக்கிறது. கடைமடைக்காரனுக்கு இந்தப் பிரிவினை புரிவதில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெடித்த வயல்தான். எது தம் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, அதைச் செய்யச் சேற்றில் இறங்கும் ஒருவரை நான் மனதார மதிக்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் மடைச் சீரமைப்பைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே, கவுன்சிலர் வாய்க்கால் தண்ணீரில் கால் கழுவினார்.