அம்மாவின் சிவப்பு அட்டையும் இரண்டாம் அட்டவணையும்

என் அம்மா 1960ஆம் ஆண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். பதினான்கு வயதில் பால்மர (ரப்பர்) காட்டில் இறங்கி, பிற்பாடு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி எங்கள் மூவரையும் ஆளாக்கிய அவர், இந்த நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. ஆனாலும் அறுபது வயதைக் கடந்த பின்னும் அவர் கையில் இருந்தது, குடியுரிமையும் வாக்குரிமையும் இல்லாத நிரந்தரவாசிகளுக்கு உரிய சிவப்பு அடையாள அட்டைதான். தேர்தல் நாளில் அப்பாவும் நாங்களும் கிளம்பும்போது, "நம்ம கார்டு சிவப்புய்யா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டு, வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கும் என்ற அரசமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது, என் அக்கா மகளின் பெயர் யாரும் விண்ணப்பிக்காமலேயே பட்டியலில் ஏறியது. அதைக் கேள்விப்பட்ட அம்மா, "அப்படின்னா எனக்கும் வருமாய்யா?" என்று கேட்டார். வராது என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான், பட்டம் பெற்று பதினைந்து ஆண்டு வேலை பார்த்த நான், கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தை முதன்முறையாக வாங்கிப் பிரித்தேன்.

அதற்கு முன் அம்மா குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். இரண்டு முறையும் உதவிக்கு வந்தவர்கள், வெளிநாட்டில் பிறந்து இங்கு குடியேறியவர் குடியுரிமை கேட்கும் 19ஆம் பிரிவின் பாரத்தையே நிரப்பித் தந்தார்கள். அந்தப் பிரிவுக்குப் போதிய மலாய்மொழி அறிவு வேண்டும். சந்தையில் மலாய்க்காரர்களிடம் தயக்கமின்றிப் பேரம் பேசும் அம்மா, அதிகாரியின் மேசைக்கு முன் அமர்ந்ததும் நாவடைத்துப் போனார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தமக்குப் படிப்பில்லாததே அதற்குக் காரணம் என்று அவர் நம்பினார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை முதற்பகுதி வேறொன்றைச் சொல்கிறது. மெர்டேக்கா (விடுதலை) நாளான 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை கூட்டரசில், அதாவது அன்றைய மலாயாவில், பிறந்தவர், அரிதான சில விலக்குகள் நீங்கலாக, சட்டத்தின் இயக்கத்தாலேயே, விண்ணப்பிக்காமலேயே குடிமகன். பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை, அதன் பின் பிறந்தவர்களுக்கே வந்தது. அம்மாவின் பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், அவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்யவில்லை என்பதும் அவரது உரிமையைத் தொடவே இல்லை. அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். பின்பு அம்மாவின் அட்டையை வாங்கி எண்ணைப் பார்த்தேன்: பிறந்த தேதிக்கு அடுத்து 08 என்று இருந்தது. அது பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கான குறி. அவர் இங்கேதான் பிறந்தார் என்பதை அரசே அவரது அட்டையில் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை மெய்ப்பிப்பது வேறு. அம்மாவுக்கு மூன்று வயதாகும்போது அவர் பிறந்த தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டது. தாத்தா குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தபோது பிறப்புப் பத்திரம் தொலைந்தது. பன்னிரண்டு வயதில் அட்டை எடுக்கப் போனபோது காட்டுவதற்குத் தாள் இல்லாததால்தான் சிவப்பு அட்டை கிடைத்தது. பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனுக் கொடுத்தேன். முதல் தேடலில், பதிவு இல்லை என்று பதில் வந்தது. தாத்தாவின் பெயரைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ரோமன் எழுத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று நானும் பெரிய மாமாவும் உட்கார்ந்து ஆறு வடிவங்களை எழுதிக் கொடுத்தோம். நான்காவது வடிவத்தில் அம்மா கிடைத்தார். குழந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. தாய் தந்தை பெயரும், தோட்டத்தின் பெயரும், 1960 என்ற ஆண்டும் இருந்தன. அந்தக் குழந்தைதான் அம்மா என்று பெரிய மாமாவும், அதே லயத்தில் வாழ்ந்த ஒரு பாட்டியும் ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் செய்தார்கள்.

ஈப்போவில் சட்ட உதவி மையத்துக்குச் சென்றபோது ஓர் இளம் வழக்கறிஞர், புதிதாகக் குடியுரிமை கேட்கவேண்டாம், குடியுரிமையில் ஐயம் எழும்போது அதை உறுதிப்படுத்திச் சான்றிதழ் வழங்கும் 30ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பியுங்கள் என்றார். எங்கள் அலைச்சல் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள சொல் இதுதான். பதிவு அலுவலகத்தின் முகப்பில் இருந்த பெண் அதிகாரி வழக்கம்போல் பழைய பாரத்தையே நீட்டி, மக்சிக் (அம்மா) மொழித்தேர்வுக்கு வரவேண்டும் என்றார். நான் அட்டவணையின் பக்கத்தைத் திறந்து வைத்து, "புவான் (அம்மணி), இவர் குடியுரிமை கேட்டு வரவில்லை, தமக்கு இருப்பதை உறுதிசெய்யக் கேட்கிறார்" என்றேன். அவர் உள்ளே சென்று மேலதிகாரியிடம் கேட்டு வர நாற்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்து சரியான பாரத்தைத் தந்தார். அவர் கெட்டவர் அல்லர். அந்த வரியை அவரும் படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

மனுக் கொடுத்தது 2022 ஆகஸ்டு. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பொதுத்தேர்தல் வந்தது. அன்றும் அம்மா வீட்டில்தான் இருந்தார். பதில் 2024 பிப்ரவரியில் வந்தது. குடிமக்களுக்கு உரிய நீல அட்டையை வாங்கிய அன்று அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டு, சிவப்பு அட்டையை அவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டது ஏன் என்று மட்டும் கேட்டார். ஐம்பது ஆண்டுகள் கைப்பையில் சுமந்த அட்டை அல்லவா.

செய்தி பரவி, பழைய லயத்து ஆட்கள் இருவர் வீடு தேடி வந்தார்கள். "அண்ணே, அதே வரிய எங்களுக்கும் காட்டுங்க" என்றார் ஒருவர். அவர் பிறந்தது 1965. ஆகவே அவருடைய பெற்றோரில் ஒருவர் அப்போது நிரந்தரவாசியாக இருந்ததற்குத் தாள் தேடவேண்டும். மற்ற அம்மையார் 1955இல் பிறந்தவர்; மெர்டேக்காவுக்கு முன் இங்கு பிறந்தவர்களுக்கான 16ஆம் பிரிவுதான் அவருக்குரிய வழி, அதற்குத் தொடக்கநிலை மலாய் அறிவு வேண்டும். மாலை நேரங்களில் அம்மாவே அவரை உட்காரவைத்து, அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை மலாயில் கேட்டுப் பழக்குகிறார்.