மூன்று மாதிரித் தேர்வுகளுக்குப் பிறகு

சென்ற ஆண்டு, என் 34 ஆம் வயதில், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்னும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் ஐந்தாம் கிரேடு பியானோ தேர்வைச் சென்னையில் முடித்தேன். தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, உருப்படிகள் மூன்றும் கைவந்துவிட்டன என்று நான் நம்பியிருந்த நேரத்தில், என் ஆசிரியை ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். வகுப்பில் இடையிடையே பேசித் திருத்துகிற அவர், அன்று தேர்வாளரைப் போலவே சற்றுத் தள்ளி அமர்ந்து, எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மௌனத்திலேயே என் கைகள் தடுமாறின. முதல் உருப்படியில் இடக்கை தவறியதும், பழக்கத்தால் இரண்டு பார் (தாளக் கட்டம்) பின்னால் போய் மீண்டும் வாசித்தேன்.

மொத்தம் 150 மதிப்பெண்ணில் தேர்ச்சிக்கு 100 வேண்டும். எனக்கு 96 கிடைத்தது. உருப்படிகளில் 60, ஸ்கேல் என்னும் சுர வரிசைகளில் 13, புதிய தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் சைட் ரீடிங்கில் 10, காதால் கேட்டுப் பதில் தரும் ஏரலில் 13. “திரும்பிப் போனால் தேர்வாளர் அந்தப் பிழையை இருமுறை கேட்கிறார்” என்றார் ஆசிரியை. பிழை வந்த இடத்தில் நின்று திருத்துவதையே நான் தினமும் பயின்றிருக்கிறேன், நிற்காமல் கடந்து போவதை ஒரு நாளும் பயிலவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடங்களில், என்ன தவறினாலும் நிறுத்தாமல் ஓர் உருப்படியை முழுவதும் வாசித்து, கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். ஸ்கேல் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, கைக்கு வந்ததை உடனே வாசித்தேன்.

சைட் ரீடிங்தான் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. சிறு வயதில் வாய்ப்பாட்டு கற்றவள் நான். குரு பாடக் கேட்டுத் திரும்பப் பாடி வளர்ந்த காதுக்கு, ஏரலில் கேட்ட மெட்டைப் பாடிக்காட்டுவது எளிதாக இருந்தது. ஆனால் கேட்டறியாத ஒன்றைத் தாளைப் பார்த்து வாசிக்கச் சொன்னால், விரல்கள் காதின் அனுமதிக்காகக் காத்து நின்றன. பார்த்துக்கொள்ளத் தரப்படும் அரை நிமிடத்தில் வாசித்தும் பார்க்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது; நானோ முதல் மாதிரித் தேர்வில் தாளை வெறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு எந்த ஸ்கேல் என்பதைக் காட்டும் கீ சிக்னேச்சரையும் தாளக் குறியையும் பார்த்ததும், மிகக் கடினமான பாரை மட்டும் வாசித்துப் பார்க்கப் பழகினேன்.

இரண்டாம் மாதிரித் தேர்வு, முன்பின் அறியாத ஓர் ஆசிரியரின் வீட்டில் நடந்தது. அவருடைய பியானோவின் கட்டைகள் என்னுடையவற்றைவிடக் கனமாக இருந்ததால், மெல்லிய ஒலியில் வாசிக்க வேண்டிய பல சுரங்கள் ஒலிக்கவே இல்லை. மூன்று மாதிரித் தேர்வுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்பேன், ஏனெனில் தேர்வு மையத்திலும் பழக்கமில்லாத பியானோதான் காத்திருக்கும். மூன்றாவதில் 112 பெற்றேன்.

தேர்வு நாளில் இரண்டாம் உருப்படியில் இடக்கை மறுபடியும் தவறியது. வலக்கை மெட்டை விடாமல் கொண்டுசெல்ல, அடுத்த பாரில் இடக்கை வந்து சேர்ந்துகொண்டது. முடிவு 123, அதாவது சாதாரணத் தேர்ச்சிக்கு ஒரு படி மேலான மெரிட். சைட் ரீடிங்கில் 21 க்கு 15, தேர்ச்சிக்குரிய 14 ஐவிட ஒன்று கூடுதல். மெரிட்டைவிட அந்த எண்ணை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.